இளம் கடற்காகம்: நிறத்தை நம்புவதா, உடல்வாகை நம்புவதா?

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக ஜனவரியில் தனுஷ்கோடிக்கும் பாம்பனுக்கும் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வளர்ந்த கடற்காகத்தை எப்படியோ சொல்லிவிடலாம். இறக்கையில் பழுப்புத் திட்டும் வாலில் கறுப்புப் பட்டையுமாக நிற்கும் இளம் பறவையை என்ன செய்வது? பட்டியலில் ஒரு பெயர் போட்டாக வேண்டும். எதைப் பார்த்துப் போடுவது? இறகின் நிறத்தையா, அலகு, தலை, கால் என்ற உடல்வாகையா, பறக்கும்போது தெரியும் இறக்கை நுனியையா?

மூன்றும் வேண்டியதுதான். ஆனால் எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் உடல்வாகு, அடுத்து இறக்கை நுனி, கடைசியில்தான் நிறம் என்பது என் கட்சி. நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் நிறம்தான் கண்ணில் படும், புத்தகத்தில் படமும் நிறமாகத்தான் இருக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்கி அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

நிறத்தை ஏன் கடைசியில் வைக்கிறேன் என்றால், இளம் பறவையின் நிறம் நிலையாக நிற்பதில்லை. அக்டோபரில் வந்திறங்கும்போது இறக்கை மேல் இறகுகள் அடர் பழுப்பாக, வெளிர் ஓரத்தோடு பளிச்சென்று இருக்கும். இறகில் மெலனின் என்ற கறுப்பு நிறமி இருக்கும் இடம் கறுத்து உறுதியாக இருக்கும். அது இல்லாத வெள்ளை ஓரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். தனுஷ்கோடி வெயிலும் உப்புக் காற்றும் பறக்கிற மணலும் சேர்ந்து நாலைந்து மாதத்தில் அந்தப் பழுப்பையே வெளிற வைத்துவிடும். நவம்பரில் பார்த்த அதே பறவையை மார்ச்சில் பார்த்தால் வேறு இனம் என்றே தோன்றும். வெளிச்சமும் சும்மா இருப்பதில்லை. நடுப்பகலில் வெள்ளை மணலில் பட்டு மேலே எழும் ஒளி, வயிற்றுப் பக்கத்தை இருப்பதைவிட வெண்மையாகக் காட்டும். சாயங்கால மஞ்சள் வெயிலில் சாம்பல் முதுகு பழுப்பாகத் தெரியும். துறைமுகத்துப் பறவைகளில் டீசல் அழுக்கு வேறு ஒட்டியிருக்கும்.

அலகின் பருமனையும் தலையின் வடிவத்தையும் வெயில் ஒன்றும் செய்யாது.

சரி, நம் கரையில் எந்தெந்தக் கடற்காகங்களுக்கு இடையே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது? நடைமுறையில் இரண்டு ஜோடிகள்தான். சிறியவற்றில் பழுப்புத்தலைக் கடற்காகமும் கருந்தலைக் கடற்காகமும். பெரியவற்றில் ஹியூக்லின் கடற்காகமும் பல்லாஸ் கடற்காகமும். மெல்லிய அலகுக் கடற்காகம் குறைவாகத்தான் வரும். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் சிறியதா பெரியதா என்பதைத் தீர்த்துவிட வேண்டும். தனியாக நிற்கும் பறவையின் அளவைக் கண் எப்போதும் தப்பாகவே சொல்லும், ஆகவே பக்கத்தில் தெரிந்த பறவை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. கரையில் எங்கும் திரியும் சாதாரணக் காக்கை சுமார் 40 செ.மீ. நீளம். பழுப்புத்தலை கிட்டத்தட்ட அதே அளவு, 42 செ.மீ. வரும். படகுத் துறையில் வட்டமடிக்கும் செம்பருந்து 48 செ.மீ. இருக்கும். ஹியூக்லினும் பல்லாஸும் செம்பருந்தைவிடவே பெரியவை, 60 செ.மீ. ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். காக்கைக்குச் சமமா, செம்பருந்துக்கு மேலா என்ற ஒரு கேள்வியிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்து வயது. சிறிய கடற்காகங்கள் பிறந்து இரண்டாவது குளிர்காலத்தில் அநேகமாக வளர்ந்த பறவையின் தோற்றத்துக்கு வந்துவிடும். ஆகவே சிறிய கடற்காகத்தின் வாலில் கறுப்புப் பட்டை இருந்தால், அது போன கோடையில் பிறந்த முதல் குளிர்காலப் பறவை. பெரியவற்றுக்கு முழு நிறம் வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால் அங்கே வயதைச் சொல்வதும் ஒரு தனி வேலை. எதுவானாலும் வயதைத் தீர்க்காமல் இனத்துக்குப் போகாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் முதல் ஜோடியிலேயே இருக்கிறது.

பழுப்புத்தலையா, கருந்தலையா என்று வந்தால் எல்லோரும் கையில் வைத்திருக்கும் விதிகள் இரண்டு. கண் வெளிறியிருந்தால் பழுப்புத்தலை, கறுத்திருந்தால் கருந்தலை என்பது ஒன்று. இறக்கையின் கறுப்பு நுனிக்குள் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் பழுப்புத்தலை என்பது இன்னொன்று. இரண்டும் சரியான விதிகள், ஆனால் வளர்ந்த பறவைக்கு மட்டும். முதல் குளிர்காலத்துப் பழுப்புத்தலைக்குக் கண் கறுப்பாகத்தான் இருக்கும். மெல்ல மெல்லத்தான் வெளிறும். நுனியில் அந்த வெள்ளைப் பொட்டும் இருக்காது. ஆகவே வளர்ந்த பறவையின் விதிகளைக் கொண்டுபோய் இளசின் மேல் வைத்தால், நம் கரையில் நிற்கும் இளம் பழுப்புத்தலைகள் எல்லாமே கருந்தலைகளாகிப் பட்டியலில் ஏறிவிடும். இது சின்னத் தவறில்லை. ராமநாதபுரம் கரையில் அதிகமாக வருவது பழுப்புத்தலைதான், கருந்தலை அதைவிடக் குறைவு. ஒரே காலையில் அந்தக் கணக்கு புரண்டுவிட்டால், பத்து வருடம் கழித்து அந்தப் பட்டியலைப் பார்த்து எது கூடியது, எது குறைந்தது என்று ஆராய்கிறவருக்குத் தவறான கதைதான் கிடைக்கும்.

அப்படியானால் இளசில் எதைப் பார்ப்பது? நிற்கும்போது அலகைப் பாருங்கள். பழுப்புத்தலையின் அலகு அடியிலிருந்தே தடித்து, நுனி சற்று மொண்ணையாக முடியும். கருந்தலையின் அலகு மெலிந்து கூராக இருக்கும். இரண்டுக்கும் மங்கிய ஆரஞ்சு நிறமும் கறுப்பு நுனியும்தான் என்பதால் அலகின் நிறம் உதவாது, பருமன் மட்டும்தான் உதவும். கால்கள் அதைவிட மோசம். இரண்டிலும் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்து எப்படி வேண்டுமானாலும் இருக்கும். தலையைப் பொறுத்தவரை, பழுப்புத்தலைக்கு நெற்றி சற்றுத் தட்டையாக, தலை பெரிதாக, கழுத்து தடித்துத் தெரியும். கருந்தலைக்கு மணிப்புறாவின் தலை மாதிரி உருண்டு சின்னதாக இருக்கும். கண்ணுக்குப் பின்னால் காதுப் பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பொட்டு இரண்டுக்கும் பொது. அதில் நேரத்தை விட வேண்டாம்.

இறக்கையை விரித்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. கருந்தலையின் இறக்கையில் முன் விளிம்பை ஒட்டி வெள்ளை ஒரு நீண்ட ஆப்பு மாதிரி நுனிப் பக்கம் வரைக்கும் ஓடும்; கறுப்பு என்பது சிறகுகளின் முனையிலும் ஓரக் கோடாகவும்தான் இருக்கும். இளசிலும் இந்த அமைப்பு அப்படியே உண்டு. பழுப்புத்தலையில் வெள்ளை பாதி வழியிலேயே நின்றுவிடும். நுனிச் சிறகுகளின் அடிப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, அதற்கு அப்பால் முனை முழுவதும் ஒரே கறுப்பு. கீழிருந்து பார்க்கும்போதும் கருந்தலையின் முன் விளிம்பு வெள்ளைக் கோடாகப் பளிச்சிடும், பழுப்புத்தலையில் இறக்கை நுனி இருண்டிருக்கும். வெள்ளை முனை வரை போகிறதா, பாதியில் நிற்கிறதா என்பது மட்டும் மனதில் இருந்தால் போதும்.

பறவை பறக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தனுஷ்கோடிச் சேற்றில் கூட்டமாகப் படுத்திருக்கும் கடற்காகங்களைக் கொஞ்ச நேரம் விடாமல் பாருங்கள். ஒன்று எழுந்து நிற்கும். ஒரு பக்கத்து இறக்கையையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டிச் சோம்பல் முறிக்கும். அந்த ஓரிரு நொடியில் நுனிச் சிறகுகள் விசிறி விரிந்து நிற்கும். ஒன்று முறித்தால் பக்கத்தில் இருப்பதும் முறிக்கும். தொலைநோக்கியை ஒரே பறவையில் வைத்துப் பொறுமையாக இருப்பவருக்கு அந்த ஓரிரு நொடி போதும்.

அதற்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டு இறக்கையைப் பார்ப்பது கூடவே கூடாது. லடாக், திபெத் மேட்டு ஏரிகளில் பிறந்து, முதல் முறையாக இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கும் பழுப்புத்தலைக் குஞ்சுகள் அந்தக் கூட்டத்தில் இருக்கும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அவற்றின் தெம்பைத்தான் நாம் செலவழிக்கிறோம். 2025இல் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்தப் பூநாரைகள் மேயும் அதே சேற்றில்தான் கடற்காகங்களும் இளைப்பாறுகின்றன. ஒன்றை விரட்டினால் எல்லாமே எழும்.

இனி பெரியவை. இங்கே முதல் குளிர்காலத்துக்கு மட்டும் நிறம் கொஞ்சம் கைகொடுக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஹியூக்லின் இளசு மொத்தமாகவே பழுப்புப் பறவை. முதுகில் ஒவ்வொரு இறகிலும் கறுப்புக் குறி, தலையிலும் பின்கழுத்திலும் கோடுகள், அலகு அநேகமாக முழுக் கறுப்பு, கால் மங்கிய ரோஜா நிறம். பல்லாஸ் இளசு அப்படியில்லை. அது சீக்கிரம் தேறும் இனம், முதல் குளிர்காலத்திலேயே முதுகில் சுத்தமான வெளிர் சாம்பல் வந்துவிடும். மார்பும் வயிறும் வெண்மை, பின்கழுத்தில் மட்டும் பழுப்புச் செதில் செதிலாக ஒரு சால்வை. வெள்ளை வாலின் முனையில் அளந்து வரைந்தது போலக் கறுப்புப் பட்டை. ஹியூக்லினின் வாலிலும் கறுப்பு உண்டு, ஆனால் அது அகலமாகி, மேல் விளிம்பில் புள்ளியும் கோடுமாகக் கலைந்திருக்கும்.

என்றாலும் இங்கேயும் முதலில் வடிவத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். பல்லாஸின் நெற்றி அலகிலிருந்து நீளமாகச் சரிந்து ஏறும். உச்சந்தலையின் மேடு கண்ணுக்குப் பின்னால்தான் வரும். அலகு நீண்டு கனத்து, அடிப்பக்கம் வெளிறி முனை கறுத்து இரண்டு நிறமாக இருக்கும். கண்ணைச் சுற்றிக் கறுப்பு நிழல், அந்த நிழலுக்குள் கண்ணின் மேலும் கீழும் இரண்டு வெள்ளைப் பிறைகள். நல்ல தொலைநோக்கி இருந்தால் அந்தப் பிறைகள் தூரத்திலிருந்தே தெரியும். ஹியூக்லினின் தலை அந்த அளவுக்குச் சரியாது, பிறைகளும் அப்படித் துலங்காது. உடம்பை வைத்துச் சொன்னால், பல்லாஸ் கூட்டத்தில் நின்றாலும் தனியாகத் தெரியும். பக்கத்தில் ஹியூக்லின் இருந்தால் அதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, நெஞ்சை முன்தள்ளிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது குளிர்காலப் பறவைகளில் முதுகில் வந்திருக்கும் சாம்பலின் அடர்த்தியைப் பாருங்கள். ஹியூக்லினுக்கு அது ஸ்லேட்டுப் பலகை நிறத்தை நெருங்கும் கரிய சாம்பல், பல்லாஸுக்கு இளஞ்சாம்பல். அதற்குள் பல்லாஸ் அநேகமாக வளர்ந்த பறவையாகவே தெரியும். வாலில் மிச்சமிருக்கும் பட்டையும் இறக்கை முனையில் கூடுதலான கறுப்பும்தான் வயதைக் காட்டிக்கொடுக்கும்.

பெரிய பழுப்பு இளசுகளுக்குள்ளே ஹியூக்லினா, கஜகஸ்தான் பக்கத்திலிருந்து வரும் ஸ்டெப்பி கடற்காகமா என்று பிரிக்க முயல்கிறவர்களும் உண்டு. உள்பக்கத்து நுனிச் சிறகுகள் வெளிறியிருக்கின்றனவா, இறகுதிர்ப்பு எந்த மாதத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். வரிசையாக நல்ல படங்கள் கையில் இருந்தால் செய்யலாம். கரையில் நின்று ஒரு பார்வையில் செய்கிற வேலை இல்லை அது. கணக்கெடுப்பு நாளில் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமான ஈபேர்ட் இந்த இரண்டையும் சிறிய கருமுதுகுக் கடற்காகத்தின் கிளைகளாகவே வைத்திருக்கிறது. அந்தத் தாய்ப் பெயரில் பதிந்தால் எதுவும் பொய்யாகிவிடாது.

மெல்லிய அலகுக் கடற்காகத்தை வடிவமே சொல்லிவிடும். நீண்ட கழுத்து, நெற்றியிலிருந்து அலகு வரை ஒரே சரிவு, நீளக் கால். இளசின் காதுப் பொட்டு மிக மங்கலாக இருக்கும், அலகின் முனையிலும் கறுப்பு அதிகம் இருக்காது. இறக்கை கருந்தலை மாதிரியே முன் விளிம்பு வெள்ளை. அதனால் பறக்கும்போது மட்டும் பார்த்துக் கருந்தலை என்று போட்டுவிடாமல், கழுத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அரிச்சல்முனையில் கடலுக்கு மேல் வேகமாகப் போகும் கரும்பழுப்புப் பறவை எல்லாம் ஹியூக்லின் இளசு இல்லை. இறக்கை நுனியின் அடியில் வெள்ளை மின்னினால், ஆலாக்களைத் துரத்தி மீனைப் பிடுங்கினால், அது ஸ்குவா என்ற வேறொரு கடற்பறவை.

கருவியைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். முக்காலித் தொலைநோக்கியா, நீள லென்ஸ் கேமராவா? இரண்டையும் சுமக்க முடிந்தால் நல்லது. ஒன்றுதான் என்றால் இளம் கடற்காகத்துக்குக் கேமராவைத்தான் எடுப்பேன். நிற்கும் பறவையின் அலகுப் பருமனையும் கண் பிறையையும் தொலைநோக்கி அருமையாகக் காட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்வது விரிந்த இறக்கை. அதைக் கண்ணால் பிடித்து மனதில் வைத்திருப்பது கஷ்டம். பத்துப் படங்களை வரிசையாகத் தட்டினால் ஒன்றிலாவது நுனி முழுதாக விரிந்திருக்கும். படம் கொஞ்சம் கலங்கியிருந்தாலும் பரவாயில்லை, வெள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும். வெயில் நேரத்தில் எடுக்கும்போது வெளிச்சத்தை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெள்ளையும் வெளிர் சாம்பலும் ஒன்றாகிவிடும்.

எங்கே போவது என்பதும் இதே கேள்வியைச் சேர்ந்ததுதான். கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பிலும் தனுஷ்கோடிச் சாலையோரத்திலும் பறவைகள் நின்றபடி கிடைக்கும். உடல்வாகைப் பழக அதுதான் நல்ல இடம். ராமேஸ்வரம் படகுத் துறையில் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் திரும்பும். அந்தக் காலை நேரத்தில் வலையிலிருந்து கழித்துப்போடும் மீனுக்குக் கடற்காகங்கள் தலைக்கு மேலேயே வந்து பாயும். காக்கையும் செம்பருந்தும் ஒரே இடத்தில் இருப்பதால் அளவை ஒப்பிடுவதற்கு அதைவிட வசதி கிடையாது. மண்டபத்தில் ஒரே ஊருக்கு இரண்டு பக்கமும் கடல். வாடைக் காலத்தில் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும்போது தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கியிருக்கும். எந்தப் பக்கம் அமைதியோ அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் பறவைகள் நிறைய உண்டு, ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால்வைக்க முடியாது. கடற்காகத்துக்காக அங்கே போக வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரே இடத்தைத்தான் சொல்லச் சொன்னால் பாம்பன் சாலைப் பாலத்தைச் சொல்வேன். 1988இல் திறந்த பாலம் அது. நடைபாதையில் நின்றால் கடற்காகங்கள் நம் கண் மட்டத்திலும், பல நேரம் நமக்குக் கீழேயும் பறக்கும். வேறு எங்கேயும் பறவையின் வயிற்றைத்தான் அண்ணாந்து பார்ப்போம். இங்கே இறக்கையின் மேல்பக்கம் முழுதாக விரிந்து தெரியும். பழுப்புத்தலையின் நுனிக் கறுப்பும் வால் பட்டையும் படத்தில் வரைந்தது போலக் கிடைக்கும். காற்றுக்கு எதிராக வரும்போது பறவை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே மிதக்கும் என்பதால் படம் எடுக்கவும் நேரம் இருக்கும். வண்டிகள் நெருங்கிப் போகிற பாலம், ஆகவே வண்டியை மண்டபம் பக்கமோ பாம்பன் பக்கமோ விட்டுவிட்டு நடந்து வருவதுதான் சரி.

இவ்வளவு பார்த்தும் அலகு ஒன்று சொல்கிறது, இறக்கை தெரியவில்லை என்றால் என்ன செய்வது? சிறிய பறவை என்றால், அலகு தெளிவாகத் தடித்திருந்தால் பழுப்புத்தலை என்று தைரியமாகப் போடலாம். இங்கே அதிகம் இருப்பதும் அதுதான். கருந்தலை என்று போட வேண்டுமானால் வெள்ளை முன் விளிம்பைப் பார்த்தே ஆக வேண்டும், அலகு மெலிந்திருந்தது என்பது மட்டும் போதாது. பெரிய பறவையில் தலையும் வாலும் ஒத்துப்போகாவிட்டால் இனம் தெரியாத கடற்காகம் என்றே பதிந்துவிடுங்கள். ஈபேர்டில் அதற்கும் இடம் இருக்கிறது, கூடவே படத்தையும் ஏற்றிவிட்டால் பிறகு யாராவது பார்த்துத் தீர்க்கலாம். முக்கியமாக, 'முதல் குளிர்காலம்' என்று வயதையும் குறிப்பில் எழுதுங்கள். எந்த ஆண்டு எத்தனை இளசுகள் வந்தன என்பது, பனி மேட்டிலும் வடதுருவத்தை ஒட்டிய துந்திர நிலத்திலும் அந்த ஆண்டு எத்தனை குஞ்சுகள் பிழைத்தன என்பதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரு தடயம்.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடை தொடங்கும்போது வளர்ந்த கடற்காகங்கள் அநேகமாகக் கிளம்பிப் போயிருக்கும். முட்டையிடும் வயது வராத சில இளசுகள் மட்டும் வடக்கே போகாமல் மே, ஜூனிலும் இங்கேயே தங்கும். அந்த மாதங்களில் மண்டபத்திலோ தனுஷ்கோடியிலோ பழுப்பு வெளுத்து, ஓரம் கிழிந்த இறக்கையோடு ஒரு கடற்காகம் நின்றால் நிறத்தைப் பார்க்கவே வேண்டாம். அலகின் பருமன், நெற்றியின் சரிவு, பக்கத்துக் காக்கையோடு ஒப்பிட்ட அளவு, இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு இறக்கை விரியும்வரை பக்கத்தில் போகாமல் காத்திருங்கள்.